ஆயிரம் ஆங்கிலச் சொல்: போன காசும் பிடிபட்ட வழியும்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிப் பெருமைப்படுகிற ஊர் நம்முடையது. ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்தும் களக்காட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, தமிழ்வழியில் படித்து, பட்டமும் வாங்கிவிட்டு மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு, வெளிநாட்டுப் படிப்புக்கான ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ என்று இறங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இலக்கணத்தைவிடச் சொற்கள்தான் ஆளைப் படுத்தும் என்பார்கள். இலக்கணம் நாலைந்து மாதம் உட்கார்ந்தால் ஓரளவு அடங்கிவிடும். சொற்களுக்கு முடிவே கிடையாது. அந்தப் பயத்தைத்தான் காசாக்குகிறார்கள். வகுப்புக் கட்டணம், பட்டியல் புத்தகங்கள், செயலிச் சந்தா என்று எனக்குப் போனது 20,000 ரூபாய்க்கு மேல். கூடவே ஒரு வருஷம். காசைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். படித்ததெல்லாம் மறந்துபோகும்போது 'நமக்கு மூளையே இல்லையோ' என்று தனியாக உட்கார்ந்து நினைத்த நாட்கள்தான் இன்றைக்கும் கசக்கிறது. மூளைக்கு ஒன்றும் இல்லை, முறையில்தான் கோளாறு என்று சொல்ல அப்போது ஆள் இல்லை. அதனால் கதையைச் சுருக்கிவிட்டு, முறை எங்கே கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

வழக்கமான சொல் வகுப்பு எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு 40 சொல். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ச்சொல். மறுநாள் காலையில் தேர்வு. முந்தின ராத்திரி உருப்போட்டதால் 40க்கு 38 வரும். வாங்கினவனுக்கும் சந்தோஷம், நடத்தினவருக்கும் சந்தோஷம். மூன்று வாரம் கழித்து அதே தாளை நீட்டினால் பத்து தேறாது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885ஆம் ஆண்டிலேயே எழுதிய விஷயம்தான் இது. புதிதாகப் படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் முதல் இரண்டொரு நாளிலும் கரைந்துவிடும். அதற்குப் பிறகு கரைவது பைய நடக்கும். இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தால் கரைவது குறையும். மறுநாள் தேர்வு வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையே மூடிவிடுகிற வகுப்பில் இந்த இரண்டாம் பாதிக்கு இடமே கிடையாது. சேருவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'முதல் வாரச் சொற்களை அஞ்சாவது வாரத்தில் யார், எப்போது திரும்பக் கேட்பீர்கள்?' பதில் மழுப்பலாக வந்தால் காசைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கோளாறு அகர வரிசை. அபேட், அபெட், அபெயன்ஸ், அப்ஜூர், அப்ரோகேட், அப்ஸ்டீமியஸ் என்று ஒரே நாளில் வரிசையாக வரும். தணிதல், குற்றத்துக்கு உடந்தையாதல், கிடப்பில் கிடத்தல், கைவிடுதல், சட்டத்தை ரத்து செய்தல், உணவிலும் குடியிலும் அளவோடு இருத்தல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள். ஓசை மட்டும் ஒரே மாதிரி. ஒன்றின் பொருள் இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். 'ஒரே பொருள் சொற்கள்' என்று தொகுத்துக் கொடுப்பதும் இதேபோலத்தான் கெடுக்கும். நெருக்கமான பொருளுள்ள புதுச்சொற்களைச் சேர்த்துப் படித்தால் தனித்தனியாகப் படிப்பதைவிட மெதுவாகவே ஏறுகிறது என்று 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கைக்குக் கிடைத்தது எந்தப் பட்டியலாக இருந்தாலும் முதல் வேலை அதைக் கலைத்துப் போடுவது. ஈமினன்ட் புகழ்பெற்றவர், இம்மினன்ட் இதோ நடக்கப்போகிறது. ப்ரிஸ்க்ரைப் மருந்து எழுதிக்கொடுப்பது, ப்ரோஸ்க்ரைப் தடைசெய்வது. இப்படி இரட்டைப்பிள்ளைகளாகத் திரிகிற ஜோடிகளில் ஒன்றை மட்டும் இப்போது எடுங்கள். அது தூக்கத்தில் கேட்டாலும் வரும் என்று ஆன பிறகு, ஒரு மாதம் கழித்து, மற்றதைத் தொடுங்கள்.

எந்தச் சொற்களைப் படிப்பது என்பதில்தான் அதிகப் பணமும் நேரமும் வீணாகிறது. வங்காளத்தில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் உண்டு. நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில், அந்த 2,000ஐ விலக்கிவிட்டு, கல்விநூல்களில் பரவலாக வருகிற 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அனலைஸ், அனாலிசிஸ், அனலிட்டிக்கல் மூன்றும் ஒரு குடும்பக் கணக்கு. அவர் ஆராய்ந்த கல்விநூல் தொகுப்பில் வெஸ்டின் பட்டியல் ஏறக்குறைய 76 சதவீதச் சொற்களை அடக்குகிறது. இந்த 570 குடும்பங்கள் இன்னும் 10 சதவீதத்தை அடக்குகின்றன. காக்ஸ்ஹெட்டின் பட்டியல் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பத்து உட்பட்டியல்கள், முதல் ஒன்பதில் 60, கடைசியில் 30. அடிக்கடி வருபவை முதலில் இருப்பதால் வரிசை மாறாமல் ஒன்றாவதிலிருந்தே தொடங்கலாம். ஒரே உட்பட்டியலுக்குள் இருக்கிற அகர வரிசையை மட்டும் கலைத்துக்கொள்ளுங்கள். அசெஸ், அஸ்யூம், டிரைவ், கான்ஸ்டிட்யூட் மாதிரிச் சொற்கள் முதல் பட்டியலில் இருக்கும். 'இதெல்லாம் தெரியும்' என்று தோன்றும். டிரைவ் என்றால் வண்டி ஓட்டுவது என்று நினைத்தால் தெரியாது என்று அர்த்தம். இது ஒன்றிலிருந்து இன்னொன்றை வருவிக்கிற 'டிரைவ்'.

உங்கள் நிலை எது என்று பார்க்க ஒரு சோதனை போதும். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் 100 சொற்களை எண்ணிக்கொண்டு தெரியாதவற்றின் கீழே கோடு போடுங்கள். பத்துக்கு மேல் கோடு விழுந்தால் கடினச் சொல் பட்டியலைத் தொடவே வேண்டாம். அடிப்படையும் காக்ஸ்ஹெட் பட்டியலும்தான் வேலை. இரண்டு மூன்றுதான் விழுகிறது என்றால் படித்தபடியே சேர்த்துக்கொண்டு போகிற கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். யார் உதவியும் இல்லாமல் நாளிதழும் நாவலும் படிக்க அதில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்பது மொழியியலாளர் பால் நேஷனின் 2006ஆம் ஆண்டுக் கணக்கு. மலைக்க வேண்டாம். அது பல வருஷ வாசிப்பில் வருவது, ஆறு மாத வகுப்பில் யாரும் ஊட்டிவிட முடியாதது. புல்க்ரிடியூட், செஸ்குவிபிடேலியன் என்று வாயில் நுழையாததைக் கரும்பலகையில் எழுதி மிரட்டுகிற ஆசிரியர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

தேர்வுக்குத் தேர்வு கேட்கிற விதமும் மாறும். பட்டதாரிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் முதல் நிலையில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண், தப்புக்கு அரை மதிப்பெண் போகும். அங்கே நேரடியாக ஒத்தபொருள், எதிர்ப்பொருள், மரபுத்தொடர், பல சொல்லுக்கு ஒரு சொல் எல்லாம் கேட்பதால் பழைய வினாத்தாள் தொகுப்பைத் தனியாக ஒருமுறை கடைந்தே ஆக வேண்டும். ஜிஆர்இ 2011 ஆகஸ்டிலேயே எதிர்ப்பொருள், ஒப்புமைக் கேள்விகளைத் தூக்கிவிட்டது. இப்போது வாக்கியத்தில் பொருந்துவதைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய காலத்துப் பட்டியலை நகலெடுத்து விற்கிற கடைகள் இன்னும் உண்டு, பார்த்து வாங்குங்கள். ஐஇஎல்டிஎஸ் பேச்சிலும் எழுத்திலும் சொல்வளத்துக்குக் கால்பங்கு மதிப்பெண். அதில் அரிய சொல்லைப் போட்டதற்காக மட்டும் மதிப்பெண் கிடையாது; பக்கத்துச் சொல்லோடு இசைந்து வருகிறதா என்று பார்ப்பார்கள்.

அந்த இசைவைத்தான் ஒற்றைத் தமிழ்ச்சொல் மறைத்துவிடுகிறது. தமிழில் மழை பெய்யும், வெயில் அடிக்கும், மின்னல் வெட்டும், பனி கொட்டும். மின்னல் பெய்தது என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லாது. யாரும் நமக்கு விதி சொல்லித் தரவும் இல்லை. ஆங்கிலத்துக்கும் இதே குணம் உண்டு. 'தணித்தல்' என்ற ஒரே விளக்கத்தின் கீழ் ஐந்து சொற்களைப் பட்டியலில் அடைத்திருப்பார்கள். அலீவியேட், மிட்டிகேட், அலே, அஸ்வேஜ், பேலியேட். அலீவியேட் ஆவது வலி, வறுமை, நெரிசல் மாதிரி அனுபவிக்கிற துன்பம். மிட்டிகேட் ஆவது சேதம், அபாயம், பாதிப்பு; நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைக்கக் காட்டும் காரணங்களும் இந்தச் சொல்லோடுதான் வரும். அலே என்பது பயத்துக்கும் சந்தேகத்துக்கும். அஸ்வேஜ் பெரும்பாலும் குற்றவுணர்ச்சி, துக்கம், பசி இவற்றோடு. பேலியேட் என்றால் நோயைத் தீர்க்காமல் உபாதையை மட்டும் குறைப்பது; ஆஸ்பத்திரியில் பேலியேட்டிவ் கேர் என்று பலகை பார்த்திருப்பீர்கள். இது தெரியாமல் 'மக்களின் பயத்தை மிட்டிகேட் செய்தார் கலெக்டர்' என்று எழுதினால் பொருள் புரியும், ஆனால் படிக்கிறவருக்கு நெருடும். ஐந்தையும் உருப்போட்டவனுக்குத் தெரிந்தது கடைசியில் ஒரு தமிழ்ச்சொல்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

சொல்லோடு ஒட்டி வரும் வேற்றுமை உருபும் அப்படித்தான். ப்ரோன் என்றால் 'டு' வரும், டிவாய்ட் என்றால் 'ஆஃப்', ஃப்ராட் (மோசடி இல்லை, 'நிறைந்த' என்பது) என்றால் 'வித்', அவெர்ஸ் என்றால் 'டு'. சொல்லையும் அதன் வாலையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதி வையுங்கள். பிற்பாடு வாலைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது வராது. பாராட்டா பழிப்பா என்பதும் முக்கியம். ஃப்ரூகல், பார்சிமோனியஸ் இரண்டுக்கும் 'சிக்கனமான' என்று போட்டிருக்கும். முன்னது மரியாதை, பின்னது கஞ்சத்தனம். விண்ணப்பக் கட்டுரையில் தன் அப்பாவை பார்சிமோனியஸ் என்று புகழ்ந்தால் எப்படி இருக்கும்? நம் அலுவலகங்களில் புழங்குவதை நம்பியும் ஏமாறலாம். லோன் சாங்ஷன் ஆனது என்போம். செய்தியில் ஒரு நாட்டின்மேல் சாங்ஷன்ஸ் என்றால் தடைகள். ஓவர்சைட் என்பதற்கு மேற்பார்வை என்றும் பொருள், கவனப்பிசகு என்றும் பொருள். நாய்சம் என்பதற்கும் சத்தத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது குமட்டுகிற, கேடு செய்கிற என்பது. எனர்வேட் தெம்பைத் தராது, உறிஞ்சிவிடும். ரெஸ்டிவ் ஆனவர் ஓய்வில் இருப்பவரல்லர், நிலைகொள்ளாமல் தவிப்பவர். இவற்றுக்கெல்லாம் ஓசையை வைத்து ஊகித்தால் தேர்வு அல்வா கொடுத்துவிடும்.

அதற்காகத் தமிழே வேண்டாம், ஆங்கில அகராதியை ஆங்கிலத்திலேயே பார் என்கிற கண்டிப்பையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கண்ணால் பார்க்கிற பொருள், மரம், நோய், சட்டச்சொல் என்றால் தமிழ் விளக்கம் ஒரு நொடியில் வேலையை முடிக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதி அதற்கு இன்றைக்கும் உதவும். குணம், உணர்வு, செயல் பற்றிய சொற்களுக்குத்தான் மாணவர் அகராதி வேண்டும். ஹார்ன்பி தொகுத்து 1942இல் ஜப்பானில் வெளியானதன் வழிவந்த ஆக்ஸ்போர்டு, சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே பொருள் சொல்லும் லாங்மன், கேம்பிரிட்ஜ் எல்லாம் இணையத்தில் இலவசம். வெப்ஸ்டர் மாதிரிப் பெரிய அகராதியில் பொருளைப் புரிந்துகொள்ளவே இன்னொரு அகராதி தேவைப்படும். அகராதியில் பார்க்கும் வரிசையும் உண்டு. முதலில் ஒலியைத் தட்டிக் கேளுங்கள். அடுத்து எண்ணக்கூடிய பெயரா, செயப்படுபொருள் வேண்டிய வினையா என்ற குறி. அப்புறம் ஃபார்மல், டிஸ்அப்ரூவிங், ஓல்ட் ஃபேஷன்ட் போன்ற சின்னக் குறிப்பு. பிறகு எடுத்துக்காட்டுகள். பொருளைக் கடைசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். நாம் செய்வதெல்லாம் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடுவதுதான்.

இனி அட்டை. ஏ4 தாளை மூன்று தடவை மடித்துக் கிழித்தால் எட்டு அட்டை. கொஞ்சம் தடித்த தாளாக வாங்கினால் பின்பக்க எழுத்து தெரியாது. முன்பக்கம் சொல்லை எழுதக் கூடாது. வாக்கியத்தை எழுதி, சொல் வரும் இடத்தில் முதல் எழுத்தும் கோடும் போடுங்கள். 'டிசில்டிங் த டேங்க்ஸ் குட் மி... த இம்பேக்ட் ஆஃப் ஃப்ளட்ஸ்', அதாவது குளங்களைத் தூர்வாரினால் வெள்ளத்தின் பாதிப்பு குறையும். பின்பக்கம் நான்கே விஷயம்: சொல், அழுத்தம் விழும் அசைக்குக் கீழே ஒரு கோடு, கூட வரும் மூன்று சொற்கள், ஒரு வரித் தமிழ். அவ்வளவுதான். ஒத்தபொருள், எதிர்ப்பொருள், வேர், வரலாறு என்று பின்பக்கத்தை நிரப்பினால் அட்டையைப் புரட்டவே அலுப்பாக இருக்கும். சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது வாசிப்புக்குப் போதும்; எழுதவும் பேசவும் வர வேண்டும் என்றால் காலி இடத்தைப் பார்த்துச் சொல் வர வேண்டும். பார்த்துப் பார்த்துப் படிப்பதைவிட மூடிவைத்து நினைவுபடுத்துவதே நாள்பட நிற்கும் என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் சோதனை செய்தே காட்டினார்கள். விடை வராவிட்டாலும் ஐந்தாறு விநாடி திணறிவிட்டுத் திருப்புங்கள். அந்தத் திணறல்தான் பாடம்.

அட்டைகளைச் சுற்றில் விடும் முறையை செபாஸ்டியான் லைட்னர் 1972இல் எழுதிய புத்தகத்தில் விளக்கினார். ஐந்து அறை வேண்டும். ஒரு கிலோ ஸ்வீட் பெட்டிக்குள் நாலு அட்டையைக் குறுக்கே ஒட்டினால் போதும். புதுச்சொல் முதல் அறை. சரியாகச் சொன்னால் அடுத்த அறை, தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதலறையை மறுநாள், அடுத்ததை 3 நாளில், பிறகு 7, 16, 35 நாளில் எடுத்துப் பாருங்கள். ஐந்தையும் தாண்டிய அட்டையை ரப்பர் பேண்ட் போட்டுத் தனியே வைக்கலாம். கணக்கு இப்படி வரும்: தினம் 10 புதுச்சொல் என்றால், சுற்று நிறைந்தபின் தினமும் திரும்பப் பார்க்க வேண்டியது 50, தப்பி வந்தவை சேர்ந்து 60, 65 ஆகும். ஒன்றுக்குப் பத்து விநாடி வைத்தால் பதினொரு நிமிஷம். புது அட்டை எழுத ஒன்றுக்கு மூன்று நிமிஷம் வீதம் அரை மணி நேரம். ஆக முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஜன்னலோர சீட் கிடைத்தால் திரும்பப் பார்ப்பது அதிலேயே முடியும். தினம் 40 சொல் என்றால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்: எழுதவே இரண்டு மணி நேரம், பார்க்க இருநூற்றைம்பது அட்டை. பத்து நாளில் கோட்டி பிடித்துவிடும். வகுப்பு வேகம் மூன்றாவது வாரத்தில் கவிழ்வதன் காரணம் இந்தக் கணக்குதான், உங்கள் சோம்பல் இல்லை.

ஃபோனில் செய்ய விரும்பினால் ஆங்க்கி என்ற செயலி இந்த வேலையைத் தானே செய்யும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் ஒருமுறை காசு. பெயரை ஒட்டி வேறு செயலிகள் உலவுகின்றன. மாதச் சந்தா கேட்டால் அது வேறு என்று புரிந்துகொள்ளுங்கள். அமைப்பில் தினசரி புது அட்டை 20 என்று இருக்கும், உடனே 10 ஆக்குங்கள். யாரோ செய்து வைத்த ஐயாயிரம் சொல் தொகுப்பைத் தரவிறக்காதீர்கள். வாக்கியத்தை நீங்களே தேடி எழுதும் அந்த மூன்று நிமிஷத்தில்தான் பாதிச் சொல் ஏறுகிறது. ஒரு அட்டை ஏழெட்டு முறை தப்பினால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வாக்கியத்தோடு புதிதாக எழுதுங்கள். அப்போதும் வரவில்லையா, சவத்தை விட்டுத்தள்ளுங்கள். அந்தச் சொல் வாசிப்பில் திரும்ப எதிரே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வேர்ச்சொற்கள் பற்றி இரண்டு வார்த்தை. நாற்பது ஐம்பது வேர்கள் தெரிந்தால் நல்லதுதான். 'பேசு' என்ற லத்தீன் வேரிலிருந்து லோக்வேஷியஸ், எலக்வென்ட், கொலோக்வியல், சர்கம்லோக்யூஷன்; 'நம்பு' என்பதிலிருந்து க்ரெடிபிள், க்ரெடுலஸ், க்ரீடன்ஸ். தெரிந்த சொல்லை மறக்காமல் பிடித்துவைக்க வேர் உதவும். தெரியாத சொல்லை ஊகிக்க அதை முழுசாக நம்பக் கூடாது. பெடஸ்ட்ரியன் பாதத்திலிருந்து வந்தது, பீடியாட்ரிஷன் குழந்தைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இன்வால்யூபிள் என்பதில் 'இன்' இருப்பதால் மதிப்பற்றது என்று குறித்தால் போச்சு; அது விலைமதிப்பற்றது.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது நமக்கு இயல்பு. ஆனால் கிரிக்கெட் மட்டைக்கும் கெட்டதுக்கும் தட்டிக்கொடுப்பதற்கும் குறிப்பேட்டுக்கும் நம் எழுத்தில் 'பேட்' ஒன்றுதான். எனவே எழுத்தோடு ஒலியையும் கேட்டே ஆக வேண்டும். எபிட்டமி என்பதை எபிடோம் என்றும், ஹைபர்பலியை ஹைபர்போல் என்றும், இன்டைட்டை இன்டிக்ட் என்றும் மனசுக்குள் படித்துவிட்டால், யாராவது சரியாகச் சொல்லும்போது அது தெரிந்த சொல் என்றே உறைக்காது. அழுத்தத்துக்கு ஒரு விதி நூற்றுக்கணக்கான சொற்களுக்கு உதவும். -ஷன், -இக், -இட்டி என்று முடிந்தால் அதற்கு முந்தின அசையில் அழுத்தம் விழும். எகானமியில் இரண்டாம் அசை, எகனாமிக்கில் மூன்றாம் அசை. க்யூரியஸில் முதலசை, க்யூரியாசிட்டியில் மூன்றாவது. பாலிட்டிக்ஸ், கேத்தலிக் இரண்டும் விதிவிலக்கு.

அட்டைக்கு வாக்கியம் எங்கே கிடைக்கும்? நம்ம ஊர்ச் செய்தியில். ஒரே சம்பவத்தை முதலில் தமிழ்ப் பத்திரிகையில் படித்துவிட்டு, பிறகு ஆங்கில நாளிதழில் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் சொல் தானாகப் பிடிபடும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது எல்லாம் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வந்தது. வெள்ளக்காடானதற்கு இனன்டேட்டட், குளம் உடைந்ததற்கு ப்ரீச், நகர வழியில்லாமல் மாட்டியவர்களுக்கு ஸ்ட்ராண்டட், சுற்றிலும் தண்ணீர் சூழத் தனித்துப்போன வீடுகளுக்கு மரூன்ட். பட்டியலில் ஸ்ட்ராண்டட், மரூன்ட் இரண்டுக்கும் 'தவித்த' என்றுதான் இருக்கும்; செய்தியோடு படித்தால் வித்தியாசம் கண்ணில் தெரியும். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் ஆங்கில நாளிதழ் போடுகிறார்கள். வெள்ளன போனால் இடம் கிடைக்கும். ஒரு உட்காரலுக்கு ஐந்து சொல்லுக்குமேல் குறிக்காதீர்கள். ஒரே கட்டுரையில் இரண்டு முறை வந்ததை முதலில் எடுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை, மூன்றாவது அறைக்குப் போன சொற்களில் எட்டை எடுத்து 150 சொல்லுக்குள் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எட்டையும் நுழைக்க முடியாது. நான்கைந்து பொருந்தும், மற்றவை முண்டும். முண்டுகிற சொல்லை வலிந்து திணிக்காமல் அகராதி எடுத்துக்காட்டை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் கூட வரும் சொல்தான் தப்பாக இருக்கும். திருத்தித் தர ஆள் இல்லாதவர்கள் அந்த இரண்டு சொற்சேர்க்கையை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடலாம். நாளிதழ்களிலும் நூல்களிலும் வந்தால் எழுதலாம், அங்கேயும் இங்கேயும் நாலைந்து இடத்தில் மட்டும் வந்தால் விட்டுவிடலாம்.

கடைசியாக இடைவெளி. வீட்டில் கல்யாணம் வரும், காய்ச்சல் வரும், ஆனித் தேரோட்டம் வரும். பத்து நாள் பெட்டியைத் தொட முடியாது. திரும்பி வந்தால் முந்நூறு, நானூறு அட்டை குவிந்து கிடக்கும். நிறையப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அன்றைக்கே புதுச்சொல் சேர்ப்பதை நிறுத்துங்கள். தினம் அறுபதுக்கு மேல் எடுக்காதீர்கள். முதலறை, இரண்டாம் அறை அட்டைகளை முதலில் எடுங்கள். ஐந்தாம் அறையில் இருப்பது இன்னும் ஒரு வாரம் காத்திருந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. மறந்ததையெல்லாம் முதலறைக்கே தள்ளுங்கள், அதற்காக வருத்தப்பட வேண்டாம். இரண்டாம் முறை முதல் முறையைவிடச் சீக்கிரம் ஏறும். குவியல் ஒரு நாள் அளவுக்குக் குறைந்த பிறகு புதுச்சொல்லை ஐந்தில் தொடங்கி, ஒரு வாரம் கழித்துப் பத்துக்குக் கொண்டுபோகலாம்.